எட்டு எழுத்துக்கு மேல் எடுக்காது

கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக்கடையில் ஆறு வருடம் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். வேலை செய்யும் இடங்களுக்கு அடையாள அட்டை செய்து கொடுக்கிற கடை அது. முன்பு கீழ்த்தளத்தில் இருந்ததாம். கலவரத்தில் அது எரிந்தபிறகு முதலாளி மாடியை வாடகைக்கு எடுத்தார். எரிக்க வருகிறவர்கள் படி ஏறச் சோம்பல்படுவார்கள் என்று அவர் நம்பினார். நான் இருந்த காலத்தில் யாரும் எரிக்க வரவில்லை. ஆகவே அவர் நினைத்தது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது.

போர்க்காலத்தில் அந்தத் தொழில் நன்றாக நடந்தது. அரசாங்க அட்டை மட்டும் போதாது, எங்கே வேலை என்று காட்டுகிற அட்டையும் சட்டைப் பையில் இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைத்தார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, கடைச் சிப்பந்தி, ஆஸ்பத்திரிக் காவலாளி எல்லோரும் படி ஏறி வந்தார்கள். அவர்கள் கொண்டுவரும் படத்தை அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, சூடு காட்டி அழுத்திக் கொடுப்போம். ஒட்டுவதற்கு முன் அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கொம்பியூட்டரில் ஏற்றி வைப்போம். அட்டை உண்மையா என்று யாராவது வந்து கேட்டால் திறந்து காட்டுவதற்கு.

இப்போதைய கொம்பியூட்டர் மாதிரி அதில் தொட்டால் திறக்கிற ஒன்றும் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். என்ன வேண்டும் என்று நாம்தான் எழுத்தாகத் தட்டிச் சொல்ல வேண்டும். படம் பார்க்க அதற்குள் தனியாக ஒரு புரோகிராம் இருந்தது. அதன் பெயர் மூன்று எழுத்து. அதைத் தட்டி, கொஞ்சம் இடம் விட்டு, ஆளின் பெயரைத் தட்டி, பெரிய பொத்தானை அமர்த்தினால் முகம் வரும். முதலில் தலைமயிர், பிறகு நெற்றி, பிறகு கண் என்று மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல, ஆறுதலாக வரும். அதே புரோகிராம் குரலும் போடும், அசைகிற சித்திரமும் போடும். முதலாளி அந்த இயந்திரத்தைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தபோதே அதற்குள் ஒரு கிளி இருந்தது. அது கொஞ்ச நேரம் சிறகடித்துவிட்டு நின்றுவிடும். வேறு ஒன்றும் செய்யாது.

அதில் வேலை செய்தவள் ஒரு சிங்களப் பிள்ளை. கடுகண்ணாவையிலிருந்து ரயிலில் வருவாள். என்னை ‘நெந்தே’ என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அத்தை. அவள் பிள்ளைத்தாச்சியானபோது பிளாஸ்டிக் சூடாகிற மணம் பிடிக்காமல் போய், ஜன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு, “நெந்தே, நீங்க அமத்துங்க, நான் சொல்றேன்” என்றாள். அப்படித்தான் நான் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். ஆங்கில எழுத்து இருபத்தாறும் சொல்லித் தந்திருந்தார்கள். அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித் தருவதற்குள் என்னைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கொழுந்தெடுப்பவர்களின் குழந்தைகளைப் பார்க்க அனுப்பிவிட்டார்கள். அதனால் எழுத்துத் தெரியும், சொல் தெரியாது. பெயர் தட்ட அதுவே போதுமாக இருந்தது.

பிழையாகத் தட்டினால் அது ஒரு வரி எழுதும். எப்போதும் அதே வரி. ‘பேட்’ என்று தொடங்கும். மற்ற சொற்கள் விளங்கவில்லை, ஆனால் பேட் என்றால் கூடாதது, கெட்டது என்று எனக்குத் தெரியும். அது என்னைத்தான் சொல்கிறது என்று கன நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆட்கள் இல்லாதபோது ஒரு நாள் அதற்கு நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை பின்னால் நின்று, குரல் ஏற்றுகிற மைக்கை நீட்டிப் பிடித்திருந்ததை நான் காணவில்லை. என்னுடைய அடையாள அட்டைப் படத்தையும் ஏற்றி, படத்தையும் குரலையும் என் பெயரிலேயே போட்டு வைத்துவிட்டாள். படம் ஏற்றுவது கையால் இழுக்கிற ஒரு சின்ன ஸ்கேனரால். இழுக்கும்போது அவள் சிரித்ததில் கை ஆடி, என் முகம் பூசணிக்காய் மாதிரி அகன்றுபோயிருந்தது.

“அழிச்சிரு துவ” என்று கெஞ்சினேன். துவ என்றால் மகள்.

“அழிச்சிட்டேன் நெந்தே” என்றாள். சொன்ன வேகத்தைப் பார்த்து நான் நம்பவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் எடுக்காது. எங்கள் ஆட்களின் பெயர்களும் சிங்கள ஆட்களின் பெயர்களும் எட்டில் முடிகிற பெயர்களா? ஆகவே வாலை வெட்டிவிடும். அந்த வருடங்களில் எல்லோரும் பார்த்தது பெயரின் வாலைத்தான். இரத்தினம் என்று முடிந்தால் தமிழ் ஆள், ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்; ரத்ன என்று முடிந்தால் சிங்கள ஆள், வேறு மாதிரிப் பார்ப்பார்கள். ஆங்கில எழுத்தில் வாலை வெட்டியபின் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. வெட்டியபின் இரண்டு பேருக்கு ஒரே பெயர் வந்தால், அந்தப் பிள்ளை இரண்டாமவரின் பெயரில் எதையோ மாற்றிப் போடுவாள். எதை எப்படி மாற்றினாள் என்பது அவள் குறித்து வைக்கிற கொப்பியில் இருந்தது. பிள்ளைப் பேற்றுக்கு லீவில் போனபோது கொப்பியையும் கைப்பையில் போட்டுக்கொண்டே போய்விட்டாள்.

அவள் போனபிறகு படம் காட்டும் வேலை என்னுடையதாயிற்று. ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. தெருவில் ஓர் ஆணின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. திரையில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் யாரும் ஏன் பார்க்கிறாய் என்று கேட்பதில்லை.

கொழும்பில் ஏதோ வெடித்த கிழமை அது. முதலாளி அட்டைகள் கொடுக்க மாத்தளைக்குப் போயிருந்தார். பத்து மணி போல ஒரு பொலிஸ் சார்ஜனும் அவருக்கு முன்னால் ஒரு மனிதரும் படி ஏறி வந்தார்கள். அந்த மனிதரை எனக்குத் தெரியும். பேராதனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக், யாழ்ப்பாணத்து ஆள். எங்களிடம்தான் அட்டை செய்தார். பஸ்ஸை மறித்துச் சோதித்த இடத்தில், அட்டையின் பிளாஸ்டிக் ஓரம் கிளம்பியிருந்ததைக் கண்டு, படத்தை மாற்றி ஒட்டியிருக்கிறான் என்று பிடித்துவிட்டார்கள்.

சார்ஜன் அட்டையை மேசையில் வைத்தார். சிங்களத்தில்தான் பேசினார்; எனக்கும் அந்தளவு சிங்களம் வரும்.

“அம்மே, இது நீங்க செஞ்சதா?”

“ஆமாங்க ஐயா.”

“அப்ப இந்தப் படத்தோட கொப்பிய காட்டுங்க. இருந்தா இவர விடுறேன். இல்லாட்டி கூட்டிக்கிட்டுப் போறேன்.”

கூட்டிக்கொண்டு போனால் எப்போது வருவார் என்று சொல்லத் தெரிந்த ஆள் அப்போது கண்டியில் யாரும் இல்லை.

அவருடைய பெயரில் முதல் எட்டு எழுத்தைத் தட்டினேன். தலைமயிர் வந்தது, நெற்றி வந்தது. மீசை வந்தபோது ஆள் வேறு என்று தெரிந்தது. அது அதே அலுவலகத்துச் சாரதி. அவர் ரத்ன. கிளாக் இரத்தினம். முன்பாதி இருவருக்கும் அச்சொட்டாக ஒன்று.

சார்ஜன் திரையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுவா இவன்?”

“இல்லைங்க. இன்னொன்னு இருக்குதுங்க. பேரு கொஞ்சம் மாறி இருக்கும்.”

“என்ன பேர்?”

“தெரியாதுங்க.”

அவசரத்தில் மூன்று எழுத்தையும் பிழையாகத் தட்டிவிட்டேன். அது பேட் என்றது. சார்ஜனுக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது. “பாத்தீங்களா, கொம்பியூட்டரே கூடாது எண்டு சொல்லுது” என்றார்.

கிளாக் தமிழில் மெல்ல, “அக்கா, வேற வழி ஒண்டும் இல்லையோ?” என்றார்.

ஒரு வழி இருந்தது. பெயர் தெரியாவிட்டால் பெயருக்குப் பதிலாக நட்சத்திரம் போடலாம் என்று அந்தப் பிள்ளை சொல்லித் தந்திருந்தாள். நட்சத்திரம் போட்டால் உள்ளே இருக்கிற எல்லோரும் வரிசையாக வருவார்கள். அப்படி வரும்போது வேறு யார் வரக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நட்சத்திரம் போட்டேன்.

முதலில் கிளி வந்தது. சார்ஜன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிளி சிறகடித்து நின்றதும், “இன்னொருக்கா போடுங்க” என்றார். போட்டேன். கிளாக் நின்றுகொண்டே அதையும் பார்த்தார்.

அதன் பிறகு முகங்கள். ஒவ்வொன்றுக்கும் நீளப் பொத்தானை ஒரு தரம் தட்ட வேண்டும். நாற்பது, ஐம்பது பேர் போயிருப்பார்கள். ஓர் இடத்தில் சார்ஜன், “நில்லுங்க, நில்லுங்க” என்றார். “இவன் எங்க பக்கத்து வீட்டுக்காரன். மெனேஜர் எண்டுதான் ஊரெல்லாம் சொல்றான்.” அட்டையில் என்ன வேலை போட்டோம் என்று கேட்டார். காவலாளி என்றேன். அவருக்கு அந்தக் காலைப்பொழுது நல்லதாகிவிட்டது.

அப்புறம் என் பூசணிக்காய் முகம் வந்தது. வேகமாகத் தட்டினேன். முகம் போகுமுன்பே அடுத்ததாக இருந்த குரல் தொடங்கிவிட்டது. கடை முழுக்கக் கேட்டது.

“ஏண்டி சனியனே, நானா கெட்டவ? நீதான்டி கெட்டவ! மூஞ்சியக் காட்டுறியா, இல்ல ஒயரப் புடுங்கவா?”

சார்ஜன் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் விளங்கியது.

“வயர்? என்ன வயர்? யாரு பேசுறது?”

அவர் கிளாக்கின் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறது என்று உடனே சொல்லச் சொன்னார். பிடித்துக்கொண்டு வந்த ஆளையே மொழிபெயர்க்க வைத்தார். வேறு யார் இருந்தார்கள்? கிளாக் சிங்களம் படித்தது அரசாங்கப் பரீட்சைக்காக. அவருக்குத் தெரிந்தது கடிதம் எழுதுகிற சிங்களம் மட்டும். நேராக நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்:

“‘சனிக்கிரகமே, தீயவள் நானல்லேன், தாங்களே தீயவர். தங்கள் முகத்தைக் காண்பிப்பீர்களா, அன்றேல் மின்கம்பியைப் பிடுங்கிவிடட்டுமா’ என்று இந்த அம்மையார் வினவுகிறார்.”

“யாரிட்ட?”

“கொம்பியூட்டரிடம், ஐயா.”

சார்ஜன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “இந்த அம்மாவா? இவவுக்கு வாயே இல்லையே. கொம்பியூட்டர யாராவது ஏசுவாங்களா?” என்றார். பிறகு கிளாக்கிடம், “நீ சொல்றது பொய். இது வேற ஏதோ தகவல்” என்றார். குரல் என்னுடையதென்றால் நான் அதை இப்போதே சொல்லிக் காட்ட வேண்டும், ஒத்திருந்தால் நம்புவதாகச் சொன்னார்.

என் புருஷன் இருபத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தார். அந்தக் குரலை அவரே கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

“அக்கா, என்னைப் பாக்காதையுங்கோ, அவரையும் பாக்காதையுங்கோ” என்றார் கிளாக். “உந்தத் திரையைப் பாத்து ஏசுங்கோ. என்ர சீவன் உங்கட வாயிலதான் கிடக்கு.”

திரும்பித் திரையைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. “ஏண்டி சனியனே” என்றேன்.

“கேக்கல” என்றார் சார்ஜன்.

கேட்கும்படி சொன்னேன். கெட்டவ, மூஞ்சி, ஒயர் எல்லாம் ஒழுங்காக வந்தது. வந்தபிறகு நிற்கவில்லை. பதிவில் இல்லாததும் வந்தது. இந்த மனுசன் என்னா குத்தம் செஞ்சாரு, பேர வெட்டுனது நீ, மாட்டிக்கிட்டது இவரா, ஒனக்கு கண்ணு அவிஞ்சி போச்சா என்று இன்னும் என்னென்னவோ. கீழே கடைக்காரர்கள் படியடியில் வந்து நின்று பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். கடைசியில் சொன்னவற்றைக் கிளாக் மொழிபெயர்க்கவில்லை.

“போதும் அம்மே, போதும்” என்றார் சார்ஜன். “அதே குரல்தான். இருங்க, தண்ணி குடிங்க.”

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பொத்தானைத் தட்டினேன். இன்னும் அறுபது, எழுபது முகம் போனது. கிளாக் வந்தார். தலைமயிர், நெற்றி, கண், வாய்க்குக் கீழே நாடியில் ஒரு மச்சம். கீழே பெயரின் எட்டாம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு என்ற இலக்கம் இருந்தது. சார்ஜன் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். மச்சத்தை ஆளின் நாடியிலும் பார்த்தார்.

“இப்ப மெலிஞ்சிட்டார்” என்றார்.

“ஓம் ஐயா” என்று கிளாக் தமிழிலேயே சொல்லிவிட்டார்.

சார்ஜன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். சோதித்துப் பார்த்தாயிற்று என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தர முடியுமா என்று கிளாக் கேட்டார். அப்படி எழுதுகிற வழக்கம் இல்லை என்று சார்ஜன் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரனை நினைத்துச் சிரித்துக்கொண்டே படி இறங்கிப் போனார்.

கிளாக் அப்போதுதான் உட்கார்ந்தார். நான் அட்டையின் ஓரத்தைச் சூடு காட்டி மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன்.

“வேண்டாம் அக்கா, நான் வாறன்” என்று எழுந்தார்.

“ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க ஐயா. பஸ்ஸ மறிச்ச அதே எடத்தத் தாண்டித்தானே போகணும். அந்தாளு போகட்டும்.”

“அதுக்குத்தான் அக்கா. அவர் நிக்கேக்கயே தாண்டோணும். அவருக்கு என்னைத் தெரியும். டியூட்டி மாறினா வாற ஆளுக்கு நான் முதலில இருந்து தொடங்கோணும்.”

அடுத்த வருடம் அட்டையைப் புதுப்பிக்க வந்தபோது சொன்னார்: அந்தச் சார்ஜன் எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு அங்கே நிற்பார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் நிற்கிற நேரம் பார்த்தே பஸ் ஏறுகிறாராம். சார்ஜன் காலை டியூட்டியில் இருந்தால் இவர் அலுவலகத்துக்கு நேரத்தோடு போய், அவர் டியூட்டி மாறுமுன் திரும்பிவிடுவாராம். மாலை டியூட்டி என்றால் அன்றைக்கு லீவு போடுவாராம்.