பிளாப்பிக்கு வைத்த பொட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு, சரஸ்வதி பூஜை. மலேசியாவில் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில், சாமி படத்துக்கு முன்னால் போட்ட பலகையில் ஆரம்பித்தது இது. பலகையில் அன்று இருபத்து மூன்று பொருள்கள் இருந்தன. மகளின் பாடப் புத்தகங்கள் பதினொன்று, என் பேனாக்கள் நான்கு, பக்திப் பாட்டுப் புத்தகங்கள் மூன்று, மனைவியின் தையல் கத்தரிக்கோல் இரண்டு, அளவு நாடா ஒன்று, சைக்கிள் சாவி ஒன்று. இருபத்து மூன்றாவது ஒரு பிளாப்பி.

இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்பான, சதுரமான, வளைகிற ஓர் உறை. அதற்குள் மெல்லிய தகடு ஒன்று வட்டமாக இருக்கும். கணினியில் தட்டச்சு செய்வதெல்லாம் அந்தத் தகட்டில் போய் உட்காரும். கறுப்பு உறையின் நடுவில் ஓர் ஓட்டை, அதற்குக் கீழே நீள்வட்டமாக ஒரு சின்னத் திறப்பு. அந்தத் திறப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிளாப்பியில் எழுபத்து மூன்று குடும்பங்கள் இருந்தன. சுங்காய்க்கும் பீடோருக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பதினாறு ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்தவன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எல்லாரும் லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்தார்கள். சிலர் பீடோருக்கு, சிலர் சுங்காய்க்கு, சிலர் பாகான் டத்தோ பக்கம், சிலர் என்னைப்போல் ஈப்போவுக்கு. அதன்பிறகு, வீடில்லாத பழைய தோட்டக் குடும்பங்களுக்கு மனை கொடுக்கப் போகிறார்கள், பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று மாவட்ட நில அலுவலகத்தில் இருந்து செய்தி வந்தது. பெயர், அடையாள அட்டை எண், பிள்ளைகள் எத்தனை, தோட்டத்தில் எத்தனை ஆண்டு என்று எல்லாம் வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மனை இல்லை. சரஸ்வதி பூஜை கழிந்து வரும் புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும்.

கிராணியாக இருந்தவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. பதினொரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, வீடு வீடாகப் போய், ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள் என்று எழுபத்து மூன்று தாள் எழுதி வந்தேன். என் மைத்துனர் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது ஒரு வீட்டுக் கணினியை எங்களிடம் விட்டுப் போயிருந்தார். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கிற சாதனம் அது. அதில் எழுபத்து மூன்றையும் தட்டி முடித்தேன்.

பிளாப்பி வாங்கியது ஈப்போ பழைய டவுனில் ஒரு சீன அம்மா நடத்திய கணினிக் கடையில். அவர் பீடோரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். நம் தோட்டத்துத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிளாப்பியை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ஒன்பது விதிகள். மடிக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று போகும். ஆறாவது விதி, திறப்பில் விரல் படக் கூடாது. ஒன்பதாவது விதி, கட்டாயம் இன்னொரு படி எடுத்து வைக்க வேண்டும்.

எட்டு விதிகளைக் கடைப்பிடித்தேன். ஒன்பதாவதைச் செய்யவில்லை. என் கணினியில் பிளாப்பி போடுகிற வாய் ஒன்றுதான். படி எடுக்க வேண்டுமானால் அசலைப் போடு, எடு, புதியதைப் போடு, எடு என்று ஏழு தடவை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஐந்தாவது தடவையில் கை தவறி, வெறும் பிளாப்பியை அசல் மேல் பதிந்துவிட்டால்? மூன்று நாள் அதையே யோசித்து, ஆபத்தே வேண்டாம் என்று படி எடுக்காமல் விட்டேன்.

பூஜைக்கு முந்தின நாள், சுண்டல் மடிக்கத் தாள் இல்லை என்றாள் மனைவி. கணினி வந்த பிறகு தாளுக்கு என்ன மரியாதை என்று நானே என் கையால் அந்த எழுபத்து மூன்று தாளையும் எடுத்துக் கொடுத்தேன்.

பூஜையன்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். பிளாப்பி முறை வந்ததும் அதன் காகித உறையில் இருந்து வெளியே எடுத்தேன்.

"ஏங்க, கவர் மேலயே வைங்களேன். உள்ள என்ன இருக்குன்னு சாமிக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி.

எனக்கு அது சரியாகப் படவில்லை. சட்டைக்குப் பொட்டு வைத்தால் ஆளுக்கு வைத்ததாகுமா? பிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வழவழப்பான கறுப்பு உறையில் பொட்டு ஒட்டாது. சீட்டு ஒட்டிய இடத்தில் வைத்தால் எழுத்து மறையும். நீள்வட்டத் திறப்பு மட்டும் பழுப்பாக, பளபளவென்று, பார்க்க நெற்றி மாதிரியே இருந்தது. ஆறாவது விதி நினைவுக்கு வந்தது. விரல் படக் கூடாது. அதனால் விரலால் தொடவில்லை. ஒரு தீக்குச்சியைச் சந்தனத்தில் தோய்த்து, மிகக் கவனமாக நடுவில் ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். ரொம்ப அழகாக அமைந்தது.

அன்று முழுவதும் பலகையில் இருந்ததை யாரும் தொடக் கூடாது. மறுநாள் திங்கட்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன். காலையில் கற்பூரம் காட்டி எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அச்சிடக் கொண்டுபோகலாம் என்று கணினியில் போட்டேன். காய்ந்த சந்தனத்தோடு பிளாப்பி சுழன்றது. அம்மியில் கொட்டைப்பாக்கை உருட்டினது போல ஒரு சத்தம். திரையில் பிழை என்று வந்தது. மறுபடியும் போட்டேன். ஆறு தடவை போட்டேன், ஆறு தடவையும் பிழை. கணினியின் வாயில் இருந்து சந்தன வாசனை வந்தது.

"தாளு எங்க?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எந்தத் தாளு?"

"எழுபத்து மூணு தாளு."

"நீங்கதானே சுண்டலுக்குக் குடுத்தீங்க! எண்ணெய் ஊறாம இருக்க ரெண்டு ரெண்டா வச்சு முப்பத்தாறு பொட்டணம் மடிச்சேன். மிச்சம் ஒன்னுல வெளக்கத் தொடச்சேன்."

கணக்கு சரியாக இருந்தது. ஒரு தாளும் மிச்சமில்லை.

வீட்டுக்கு இரண்டு பொட்டலமாகப் பதினெட்டு வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். பதினெட்டு வீட்டுப் படியும் ஏறினேன். நேற்றுக் கொடுத்த சுண்டலின் தாளைத் திருப்பிக் கேட்டு வந்த ஆளை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. நான்காவது வீட்டில், "சுண்டல் நல்லா இருந்துச்சண்ணே. தாளையும் படிச்சேன். யாரோ ஒரு அம்மாவுக்கு ஒம்பது பிள்ளைன்னு போட்டிருந்துச்சு. எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார்கள். அந்தத் தாள் எங்கே என்றேன். குப்பை வண்டி அப்போதுதான் போனதாம். மொத்தம் ஐந்து தாள் கிடைத்தது. அதில் இரண்டைத்தான் படிக்க முடிந்தது.

சீன அம்மாவின் கடைக்கு ஓடினேன். பிளாப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"அலாமா! இது என்னாண்ணே, மசாலாவா?"

"சந்தனம். நேத்துப் பூஜை."

"வெரல் வைக்காதீங்கன்னு நான் சொன்னேன் தானே?"

"வெரல் வைக்கல. தீக்குச்சிலதான் வச்சேன்."

அவர் பிளாப்பியை விளக்குக்கு நேராகப் பிடித்தார். பிறகு திறப்பைச் சுட்டிக் காட்டி, "அண்ணே, இது நெத்தி இல்லண்ணே, கண்ணு. மெஷினு இந்த வழியாதான் படிக்கும். நீங்க கண்ணுல போயி சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க லா" என்றார். "சரி, ஒம்பதாவது சொன்னேனே, இன்னொன்னு எங்க?"

எடுக்கவில்லை என்றேன். ஏன் என்றார். அசல் அழிந்துவிடுமோ என்று பயந்தேன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சவர பிளேடால் கறுப்பு உறையின் ஓரத்தைக் கிழித்து, உள்ளே இருந்த வட்டத் தகட்டை நுனியில் பிடித்து வெளியே எடுத்தார். எழுபத்து மூன்று குடும்பமும் காற்றில் ஆடியது. ஆறிய வெந்நீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்டு, அதில் தகட்டை மிதக்கவிட்டு, பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கழுவினார். தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு சிவந்தது. மூன்று தண்ணீர் மாற்றினார். கடைசியில் நடு ஓட்டையில் ஒரு சாப்ஸ்டிக்கைச் செருகி, இரண்டு கிளாசுக்கு நடுவே காயப் போட்டார். இன்னொரு சாப்ஸ்டிக் இல்லாமல் மதியத்துக்கு வாங்கிய மீ நூடுல்ஸைக் கரண்டியால் சாப்பிட்டார். அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

மூன்று மணி நேரம் அந்தத் தகட்டுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காய்ந்ததும், புதுப் பிளாப்பி ஒன்றைக் கிழித்து அதன் உள்ளே இருந்ததை எறிந்துவிட்டு, நம் தகட்டை அந்த உறைக்குள் போட்டார். அவருடைய கணினிக்கு இரண்டு வாய் உண்டு. ஒன்றில் அசல், மற்றதில் புதியது. திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. தகட்டில் மொத்தம் முப்பத்தைந்து வட்டத் தடங்கள் என்றார். நானும் கூடவே வாய்விட்டு எண்ணினேன். பதினெட்டு வரை மடமடவென்று போனது. பத்தொன்பதில் நின்றது.

"நீங்க எண்ணாதீங்க, அதுக்குப் பயமா இருக்கும்" என்றார்.

எண்ணுவதை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் நகரவில்லை. பதினாறு தடவை முயன்று, அந்த ஒரு தடத்தை விட்டுவிட்டு மற்றதைப் பதிந்தார். அச்சிட்டுப் பார்த்தபோது அறுபத்தொன்பது குடும்பங்கள் வந்திருந்தன. முப்பத்தொன்றில் இருந்து முப்பத்து நான்கு வரை இல்லை. என்னிடம் இருந்த எண்ணெய்த் தாள் இரண்டையும் பார்த்தேன். அவை வேறு ஆட்களுடையவை. பட்டியலை ஊர் வாரியாக எழுதியிருந்ததால் அந்த நால்வரும் பீடோர்க்காரர்கள் என்பது மட்டும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் பீடோருக்குப் போனேன். அச்சிட்ட பட்டியலைக் காட்டி விசாரித்ததில் விடுபட்ட நால்வர் யார் என்று தெரிந்தது. அந்த நால்வரில் முதலாவது, தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பழைய இரும்புக் கடைக்குப் பின்னால், தகரம் போட்ட ஓர் அறையில் ஐந்து பேரோடு இருந்தார். மழை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தது. மூன்று வாளி; முன்பு தாள் எழுத வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவற்றைக் கவனிக்கவில்லை. இப்போது பார்த்தபோதுதான் பட்டியலில் முப்பத்தொன்று என்ற எண் ஒரு வீடு என்று எனக்கு உறைத்தது.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிளாப்பி என்றால் என்ன என்பதில் இருந்து தீக்குச்சி வரைக்கும். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"எழுவத்து மூணு குடும்பத்துல எங்க நாலு பேருக்கு மட்டும் சாமி சந்தனம் பூசிடுச்சா, கிராணி ஐயா?"

அப்படித்தான் ஆகிவிட்டது என்றேன்.

"பெரட்டுக்கு அஞ்சு நிமிசம் லேட்டா வந்தா எங்களுக்கு அர நாள்னு எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா? இப்ப உங்களுக்கு எத்தன நாள் போடுறது?"

விடிகாலையில் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். பதினாறு ஆண்டுகள் அந்தப் பேரேட்டைப் பிடித்து நின்றவன் நான். ஒரு நாளும் அவர் வீட்டு வாசலில் இப்படி நின்றதில்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பெரிதாகச் சிரித்து, அடையாள அட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, மற்ற மூன்று பேரையும் அரை மணி நேரத்தில் கூட்டி வந்துவிட்டார். நான்கு குடும்பத்தையும் பேனாவால் இரண்டு தாள்களில் எழுதினேன். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று படி. எழுதியதை அவர் வாங்கி, படிக்கத் தெரிந்த மருமகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பிள்ளையின் பிறந்த ஆண்டு தவறாக இருந்தது. திருத்தினேன்.

புதன்கிழமை பதினொன்று இருபதுக்குப் பட்டியல் நில அலுவலகத்தில் சேர்ந்தது. அச்சிட்டது அறுபத்தொன்பது, கையால் எழுதியது நான்கு.

இரண்டு ஆண்டுகள் கழித்து அறுபத்தெட்டுக் குடும்பங்களுக்கு மனை கிடைத்தது. அந்த நான்கும் அதில் இருந்தன. பீடோர் அம்மா பலகை வீடு ஒன்று கட்டி, புதுமனை புகுவிழாவுக்கு எங்களை அழைத்தார். கூரை புதுத் தகரம். வாளி ஒன்றையும் காணோம். எல்லாரும் உள்ளே போகும் முன் சந்தனக் கிண்ணத்தை என் முன்னால் நீட்டினார்.

"வாசக்காலுக்கு நீங்கதான் பொட்டு வைக்கணும், கிராணி ஐயா."

நான் தயங்கினேன். என் மனைவி பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை பேருக்கும் கதை தெரிந்திருந்தது என்பது அவர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"பயப்படாதீங்க. இது கண்ணு இல்ல, நெத்திதான். வெரலாலயே வைங்க" என்றார் அந்த அம்மா.

வைத்தேன். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. யாரும் துடைக்கவில்லை.

இன்று எனக்கு எழுபத்தாறு வயது. எதை எழுதினாலும் மூன்று படி எடுக்கிறேன், அதில் ஒன்று காகிதத்தில். ஒவ்வொரு பூஜைக்கும் சந்தனத்தைத் தொட்ட பிறகு, வைக்கப் போகிற இடம் நெற்றியா கண்ணா என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் மனைவியிடம்தான் கேட்கிறேன்.