நிழல் தமிழ்நாட்டில் இருந்தது

போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் டயர் இறங்கி, துருப்பிடித்து, பானெட் ஓட்டையில் ஆமணக்குச் செடி முளைத்து நிற்குமே சில வண்டிகள், அதில் ஒன்றையாவது பார்த்து 'இது யார் வீட்டு வண்டியா இருக்கும்?' என்று யோசித்திருக்கிறீர்களா? மாட்டீர்கள். நானும் யோசித்திருக்க மாட்டேன், அதில் ஒன்று எங்கள் வீட்டு வண்டியாக இல்லாமல் இருந்திருந்தால்.

போன வாரம் பாண்டியில் வேலை முடித்து ஸ்கூட்டியில் திண்டிவனம் வந்துகொண்டிருந்தேன். செக்போஸ்ட்டில் ஒரு லேடி கான்ஸ்டபிள் கை காட்டினார். "டிக்கிய தொறம்மா." திறந்தேன். உள்ளே டிபன் பாக்ஸ், ரெயின்கோட், ஒற்றைச் செருப்பு. "இன்னொண்ணு எங்க?" என்றார். டிகிரி முடித்தும் பதில் தெரியாத கேள்வி. சிரித்துவிட்டு அனுப்பினார். சீட்டை மூடும்போதுதான் வெயிலில் காய்ந்த ரெக்ஸின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். வீடு வரைக்கும் நான் ஸ்கூட்டியில் இல்லை, அப்பாவின் வேனில் இருந்தேன்.

அப்பா ஸ்கூல் வேன் ஓட்டினார். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றித் திண்டிவனத்தில் விடுவது, சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் இறக்குவது. அந்த வேனுக்குப் பிள்ளைகள் வைத்த பேர் டப்பா. உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். இருந்தாலும் முன் சீட்டுக்கு அடிதடி நடக்கும். டிரைவர் பொண்ணு என்ற ஒரே தகுதியில் நான் எப்போதும் முன் சீட்டு. ஓவர் சீன் போட்டிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.

வேனுக்குள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாசனையும் அடிக்கும். அறுவடை நேரத்தில் பிள்ளைகள் பச்சை மல்லாட்டையைக் கொடியோடு கொண்டுவந்து தின்று தோலை சீட்டுக்கடியில் தள்ளிவிடுவார்கள். அப்பா கத்திக்கொண்டே பெருக்குவார். பெருக்கும்போது கிடைக்கிற முழுக்காயை வாயில் போட்டுக்கொள்வார். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? அந்த வேன் எங்களுக்குச் சோறு என்று சொல்ல வந்தேன்.

சூசை மாமா அம்மாவுக்குத் தம்பி. விழுப்புரத்தில் மைக் செட் வைத்திருந்தார். என் அக்காவுக்குப் புதுநன்மை, அதாவது மாதா கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். தாய்மாமன் சீராக வெள்ளை கவுனும் கேக்கும் மாமா பொறுப்பு. கேக் பாண்டியில்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சாயங்காலம் பூசை, அதற்கப்புறம் விருந்து. மத்தியானம் அப்பாவிடம் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "டேய் சூசை, வெறும் கேக்கோட வந்துடாத. நம்ம சனம் பந்தில உக்காந்துக்கினு என்னிய கிழிச்சிடும். ஒரு பொட்டி சரக்கு போட்டுக்கினு வா."

"இத நீ சொல்லணுமா மாமா?"

எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் இது எழுதாத சட்டம். பாண்டியில் சரக்கு விலை கம்மி. கறிக்குழம்பில் உப்பு இல்லாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள், பாண்டி சரக்கு இல்லாவிட்டால் கல்யாணமான பெண்ணின் பேரப்பிள்ளை காலம் வரை பேசுவார்கள். ஆனால் அதை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் கேஸ். ஆளுக்கு அபராதம், வண்டிக்குப் பறிமுதல்.

எல்லை என்றதும் மேப்பில் இருக்கிற மாதிரி ஒழுங்கான கோடு என்று நினைக்காதீர்கள். பாண்டி ஒரு இடத்தில் முடியும், கொஞ்ச தூரம் போனால் மறுபடி ஆரம்பிக்கும். சில ரோட்டில் இந்தப் பக்கம் தமிழ்நாடு, எதிர்ப்பக்கம் பாண்டி. வெளியூர்க்காரர்கள் போர்டைப் படிப்பார்கள். நாங்கள் பெட்ரோல் விலையைப் பார்த்தே எந்த ஸ்டேட்டில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவோம். மாமாவுக்கு அந்த ரோடெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

வழக்கமாகச் செய்கிற வேலை என்னவென்றால், சரக்குக் கடைப் பக்கமே வண்டியை நிறுத்தி, சரக்கை ஏற்றி, செக்போஸ்ட் இல்லாத ஊர்களுக்குள் புகுந்து சுற்றி வருவது. அன்றைக்கு மாமாவிடம் கேக் இருந்தது. ஊதா பூ வைத்த கிரீம் கேக். கடை வாசலில் மொட்டை வெயில். எதிர்ப்பக்கம் பெரிய தூங்குமூஞ்சி மரம். மாமா வேனை அந்த நிழலில் விட்டார், ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு பெட்டியைத் தோளில் தூக்கி வந்தார், பின் கதவைத் திறந்து உள்ளே வைத்தார். மரத்துக்குப் பின்னாலிருந்து போலீஸ் வந்தது.

இதை மாமா எங்களிடம் எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"சார், கட பாண்டில கீது சார்!"

"கட பாண்டிதான்யா. உன் வண்டி எங்க நிக்குது?"

"நெழலுக்குத்தான் சார் வுட்டேன். கேக்கு உருகிடும் சார்."

"நெழலு எங்க ஸ்டேட்டுய்யா."

கேக்கை மட்டும் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி, சாயங்காலம் விட்டார்கள். மாமா டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அக்கா வெள்ளை கவுனில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். கிரீமில் எழுதிய அவள் பேரில் முதல் எழுத்துதான் மிச்சம். அவளோ "சூப்பரா கீது மாமா" என்றாள். மாமா வாழைமரத்துக்குப் பின்னால் போய் அழுதார். அப்பா பந்தி முடியும்வரை பரிமாறிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது ஸ்டேஷன் விஜயம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற சொந்தக்காரரைப் பார்க்கப் போகிற மாதிரி அப்பா வேனைப் பார்க்கப் போவார், சில நாள் என்னையும் கூட்டிக்கொண்டு. கண்ணாடியைத் துடைப்பார். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஸ்டேஷனில் ஒரு ஏட்டு, "இன்னா நைனா, பேஷண்டு எப்படி கீறாரு?" என்பார். "மூச்சு கீது சார்," என்பார் அப்பா. முதல் தடவை போனபோது, பெர்மிஷன் கேட்டு, பிள்ளைகள் வேனில் விட்டிருந்த வாட்டர் பாட்டில், ஸ்வெட்டர், டிபன் பாக்ஸ் மூடி எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டார். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் அந்தந்த வீட்டில் கொடுத்தார். அதற்குள் அந்தப் பிள்ளைகள் வேறு வேனுக்கு மாறியிருந்தார்கள்.

வேன் திரும்பி வர ஒரே வழி இருந்தது. வண்டி ஓனருக்குத் தெரியாமல் போயிருக்கிறது என்றால் விட்டுவிட வாய்ப்புண்டு. விழுப்புரத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் வீட்டில் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "மாமா, நான் கேக்காம எடுத்துக்கினு பூட்டேன்னு சொல்லிடு. எனக்கு எப்படியும் கேஸ்தான். வண்டியாவது வரட்டும்."

அம்மா, "ஆமா, அப்டியே சொல்லு. என் தம்பிதான், யாரு இல்லன்னா? சோத்துக்கு இன்னா வழி?" என்றாள். சொந்தத் தம்பிக்கு எதிராக அம்மா பேசியதை அன்றுதான் கேட்டேன். பேசிவிட்டு மாமா தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார்.

ஆபீசில் நான் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார், "வண்டி உங்களுக்குத் தெரியாம போச்சுங்களா?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா 'சொல்லு, சொல்லு' என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"தெரியுங்க சார். சரக்கு வாங்கினு வரச் சொன்னதே நான்தான்."

அவ்வளவுதான். அபராதம் அப்பாவுக்கும் சேர்ந்தது. வேன் ஏலத்துக்குப் போனது. வெளியே வந்ததும் மாமா கத்தினார், "இன்னா மாமா நீ? பைத்தியமா? கைக்கு வந்ததக் கெடுத்துட்டியே!"

"ஏண்டா, பாப்பா கேக்கு உருகக்கூடாதுன்னு நெழலு தேடி நிறுத்தினவன நான் திருடன்னு சொல்லவா?" என்றார் அப்பா. அப்புறம் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் இருவரும் குடிக்கவில்லை.

வேனை விக்கிரவாண்டிப் பக்கத்து ஆள் யாரோ எடுத்ததாகச் சொன்னார்கள். நெடுநாள் நாங்கள் ரோட்டில் மஞ்சள் வேனைப் பார்த்தாலே நம்பரைப் படிப்போம். அப்பா அடுத்தவர் வண்டிகளுக்கு ஆக்டிங் டிரைவராகவே காலத்தை ஓட்டி ரிட்டயர் ஆனார். அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை ரோடு அகலமாக்கும்போது வெட்டிவிட்டார்கள். மாமா மைக் செட்டை விற்றுவிட்டார். டப்பாவில் வந்த பிள்ளைகளில் ஒருத்தன் இப்போது கனடாவில் கார் ஓட்டி வீடியோ போடுகிறான், அதில் மல்லாட்டை இல்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பா விழுப்புரத்தில் மாமா வீட்டில் இருக்கிறார். போன் அடித்தேன், ரெண்டு பேரும் எடுக்கவில்லை. இந்நேரம் பாண்டிப் பக்கத்து நிழலாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.