கத்தாத மாடு

பருவத்துக்கு வந்த மாடு கத்தி ஊரைக் கூட்டும் என்பார்கள். என் மாடு கூட்டாது. வாயைத் திறக்காமல் அசைபோட்டுக்கொண்டே பருவத்துக்கு வரும், போகும். அம்மா வீட்டுச் சீராகக் கன்றுக்குட்டியாய் என்னோடு மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுக்கு வந்தது. ஒரு ஈற்று ஈன்று, பால் வற்றி, அதற்குப் பிறகு சினை பிடிக்காமல் நின்றது.

மாடு கட்டும் கட்டுத்தரை மாமனாரின் ராஜ்யம். கத்தாத மாட்டுக்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். வாலில் ரத்தக்கறை தெரிந்தால் பருவம். தெரிந்ததும் ஓட்டிப் போகவும் விடமாட்டார். பெண்பிள்ளைக்கு மூன்று நாள் தீட்டு என்றால் மாட்டுக்கும் அதேதானே? தீட்டுக் கழிந்து, குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, பிறகுதான் சோளக்காட்டு மாட்டாஸ்பத்திரிக்குச் சினை ஊசி போட அனுப்புவார். கல்யாணப் பெண் கெட்டாள், அத்தனை அலங்காரம். சினை மட்டும் ஒருமுறைகூட நிற்கவில்லை.

கடைசியாகப் போனபோது வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தார், நான் பின்னாலிருந்து ஓட்டினேன். டாக்டர் நீளக் கையுறை மாட்டிக்கொண்டு, சாணம் வரும் வழியாகக் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கர்ப்பப்பை ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்து கோளாறில்லாமல் இருக்கிறது, சினைப்பையிலும் குறையில்லை என்றார். ரத்தம் எப்போது தெரிந்தது என்று கேட்டார். சொன்னோம்.

"மாட்டுக்கு வர்றது மாதவிலக்கு இல்லீங்க. பருவம் முடிஞ்ச பிறகுதான் ரத்தம் தெரியும். கண்ணாடியாட்டம் வழும்பு தொங்குமே, அப்பவே ஓட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

அந்த வழும்பை எனக்குத் தெரியாதா? சாணி அள்ளுகிறவள் நான். பின்பக்கம் தடித்துச் சிவந்து, கயிறு கயிறாகத் தொங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை மாமனார் எதிரில் சொல்லும் மருமகள் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. வீட்டுக்காரராவது சொல்வார் என்று பார்த்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், "அடுத்த தடவை வரச் சொன்னாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மாமனார் அதற்குள் மலட்டு மாடு என்று முடிவு கட்டிவிட்டார். காளப்பநாயக்கன்பட்டி மாட்டு வியாபாரியை வரச் சொல்லியும் ஆயிற்று. அவன் கைக்குப் போகிற மலட்டு மாடு எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ரத்தமும் சதையுமாக நல்ல கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு, ஆம்பளைகளின் வெட்கத்துக்காக என் மாடு கறியாக வேண்டுமாம்.

வியாபாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு மாட்டுக்குப் பருவம் வந்தது. எனக்கும் அப்போதுதான் விலக்கு. வீட்டுக்குப் பின்னால் குச்சிலில் தட்டும் பாயுமாக ஒதுங்கியிருந்தேன். அந்த நாட்களில் நான் கட்டுத்தரைக்குள் கால் வைத்தால், கயிற்றைத் தொட்டால், மாடு வறண்டுபோகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். குச்சில் வாசலிலிருந்து பார்க்கிறேன், மாட்டின் பின்னால் வழும்பு வெயிலில் மின்னுகிறது. வீட்டுக்காரர் அன்னாசி லோடோடு நாமக்கல் போயிருந்தார்.

எட்ட நின்றே மாமனாரிடம் மாடு பருவத்தில் இருப்பதாகச் சொன்னேன். கத்தவில்லையே, ரத்தமும் காணோமே என்றார். என்னைக் குச்சிலுக்குள் போகச் சொன்னார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"ரத்தம் வந்தா காலம் போச்சுன்னு அர்த்தமுங்க மாமா. எனக்கு வர்றது வேற, மாட்டுக்கு வர்றது வேற. ரெண்டும் தீட்டு இல்லீங்க."

சொல்லிவிட்டு நேரே கட்டுத்தரைக்குள் போய் மாட்டை அவிழ்த்தேன். அவர் தடுக்க வந்து எட்டவே நின்றார். விலக்கான மருமகளைத் தொட்டுத் தடுக்கவும் அவரால் முடியாதே! அந்தச் சட்டம் அன்றைக்கு ஒருநாள் எனக்கு உதவியது. அடிவயிறு வலிக்க வலிக்கச் சோளக்காடு வரை நடந்தேன். எதிரே வந்தவர்கள், வீட்டில் ஆம்பளை யாருமில்லையா என்று கேட்டார்கள். இருக்கிறார்கள் என்றேன்.

ஊசி போட்டுத் திரும்பியபோது கட்டுத்தரை முழுக்கக் கோமியம் தெளித்திருந்தது. என் தீட்டைக் கழுவ மாட்டு மூத்திரம் வேண்டியிருந்திருக்கிறது. கன்று பிறக்கிற வாசலும் கோமியம் வருகிற வாசலும் ஒன்றுதான் என்று மாமனாரிடம் சொல்ல நாக்குத் துடித்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டைக் கட்டினேன்.

வியாபாரி வந்தான். இது என் சீர் மாடு, விற்பதானால் என் அம்மா வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்க என்றேன். சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்க மாமனாருக்கு மனமில்லை. அவன் வெறும் கயிற்றோடு இறங்கிப் போனான்.

மூன்று வாரம் கழித்து, அடுத்த பருவம் வரவேண்டிய நாளில் வழும்பு இல்லை, ரத்தமும் இல்லை. மூன்று மாதம் கழித்து டாக்டர் கையை விட்டுப் பார்த்துச் சினை என்றார். மாமனார் கூடவே நின்று கேட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு விலக்கு வந்தது. குச்சிலில் பாயை விரித்து வைத்திருந்தார்கள். நான் போகவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனேன். மாமனார் மாட்டைத் தண்ணீர் காட்ட அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சினை மாடுங்க மாமா. இனிமே நான்தான் பார்த்துக்குவேன், எல்லா நாளும்" என்றேன்.

கயிற்றை அவர் என் கையில் கொடுக்கவில்லை, தரையில் போட்டார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.