தங்கமணியக்கா வீட்டின் சேஸிஸ் நம்பர்

பக்கத்து வீட்டில் புது கேட் மாட்டி, நேற்று அதற்கு ரெட் ஆக்ஸைடு அடித்தார்கள். அந்தக் காவிச் சிவப்புப் பெயிண்டின் வாடை ஜன்னல் வழியாக வந்ததும் அடுப்பில் பாலை மறந்து நின்றுவிட்டேன். பால் பொங்கி வழிந்து, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டில் மற்றவர்களுக்கு அது தலைவலி தரும் வாடை. எனக்கு அது இருபத்திரண்டு வயசு.

அந்த வயசில்தான் நாமக்கல்லில் ஒரு லாரி பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் அல்லவா, மேஜை, மின்விசிறி, கண்ணாடித் தடுப்பு என்று ஏகப்பட்ட கற்பனை. கிடைத்தது லாரிக்கு அடியில் விரித்த ஒரு கோணிச் சாக்கு. வண்டியின் எலும்புக்கூடு மாதிரி முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் உண்டே, அதுதான் சேஸிஸ். அதில் ஒரு சட்டத்தில் நம்பர் வெட்டியிருக்கும். அதன்மேல் வெள்ளைத்தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நம்பர் தாளில் எழும்பி வரும். ஆர்.டி.ஓ. ஆபீசில் அந்தத் தாளைக் கேட்பார்கள். சுத்தமாகத் தேய்க்கிற கை என்னுடையது என்று முதலாளி எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் என் கறுத்த நகங்களைப் பார்த்துவிட்டு, "என்ன வேலைங்க பாக்குது புள்ள?" என்று கேட்டது. "நம்பர் தேய்க்கறனுங்க" என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். நல்லதுதான், அந்த மாப்பிள்ளைக்கு லாரியும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது.

பாடி கட்டாத புதுச் சேஸிஸ்கள் அப்போதெல்லாம் வெறும் சட்டமும் இன்ஜினுமாக எங்கிருந்தோ ஓடி வரும். டிரைவர் ஒரு பலகையில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூக்கெல்லாம் புழுதியாக இறங்குவார். அதற்கெல்லாம் நம்பர் ஸ்டீயரிங் இருக்கிற வலப்பக்கச் சட்டத்தில்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தாலும் கிடைக்கும். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பின்னால் என் கழுத்துக்குக் கத்தியாக வந்தது.

தங்கமணியக்கா எடப்பாடிக்காரர். நெசவுக் குடும்பம். போர்வை, ஜமுக்காளக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நாக்பூர் தாண்டி ஊர் ஊராக விற்பது தொழில். அவர் மாமனார் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய வண்டியை எடுத்து, அதன்மேல் மரத்தில் ஒரு வீட்டையே கட்டியிருந்தார். மடக்குக் கட்டில், சரக்கு அடுக்க அலமாரி, ஸ்டவ் வைக்க ஒரு மூலை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே சீப்பு செருக ஒரு பட்டை. கல்யாணமாகி அக்கா குடித்தனம் போனதே அந்த வண்டிக்குள்தான். கணவர் இறந்த பிறகும் வண்டியை விடவில்லை, லைசென்ஸ் எடுத்துத் தானே ஓட்டினார். எங்கள் பட்டறைக்குள் அவர் ஒரே வெட்டில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியபோது, எங்கள் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, என்னவோ நானே ஓட்டிய மாதிரி.

வந்தது இரண்டு காரியத்துக்கு. இடப்பக்கச் சட்டத்தில், முன் ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடத்தில் விரிசல், அதைச் சரி செய்ய வேண்டும். பிறகு எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றிதழ், அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பர் சேஸிஸிலும் இருந்தாக வேண்டும். முந்தைய தடவைகளில் புத்தகத்தில் எழுதியதை வைத்தே முடித்துவிட்டார்கள் போல. புதிதாக வந்த அதிகாரியோ, வெள்ளிக்கிழமைக்குள் நம்பரைக் காட்டாவிட்டால் வண்டியை உடைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"ஒடைச்சா அண்ணன் ஊட்டுக்குத்தான் போவோணும் சாமி" என்றார் அக்கா. "அங்க போனா நான் அவுங்க மூஞ்சியப் பாத்துத்தான் சோறு திங்கோணும். இதுல இருந்தா எம்பட மூஞ்சிய நான் கண்ணாடில பாத்துக்கறேன்."

எங்கள் வெல்டர் செங்கோடண்ணன். பற்றவைப்பதில் சூரன், வாய் அதைவிடச் சூரன். முதல் நாளே விரிசலை அடைத்து, அதன்மேல் ஒரு முழ நீளத்துக்கு இரும்பு பிளேட் வைத்துப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஏனுங் அம்மிணி, இந்தப் பக்கம் உனக்கு ஒண்ணும் சோலி இல்லீல்ல? பத்த வெச்சரட்டா?"

நான் வலப்பக்கம் படுத்துத் தேடிக்கொண்டிருந்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வெச்சுடுங்ணா" என்றேன்.

வலப்பக்கத்தில் மூன்று நாள் தேடினேன். பச்சை, சாம்பல், நீலம் என்று தாத்தா காலத்துப் பெயிண்ட் எல்லாம் உரிந்தது. நம்பர் மட்டும் இல்லை. நடுவில் இன்னொரு வேடிக்கை. எங்கள் ஸ்பேனர் ஒன்றுகூட அந்த வண்டியின் போல்ட்டுகளுக்குச் சேரவில்லை, எங்களுடையது மில்லிமீட்டர், அதுவோ எல்லாம் அங்குலக் கணக்கு. "இது நம்மூரு வண்டியே இல்ல அம்மிணி, கடல் தாண்டி வந்தது" என்றார் செங்கோடண்ணன். எந்த ஊர், யார் ஓட்டினார்கள், எந்தப் போர் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. சோற்றுப் போசியில் அவித்த முட்டையை வைத்துக்கொண்டு அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்படிப் பார்க்கும்போதுதான் இடப்பக்கச் சட்டத்தின் முன்முனையில் நான்கு சும்மா ஓட்டைகள் கண்ணில் பட்டன. போல்ட் இல்லை, எதுவும் இல்லை.

"அண்ணா, இந்த நாலு ஓட்டை எதுக்குங்க?"

செங்கோடண்ணன் விரலை விட்டுப் பார்த்தார். வலப்பக்கம் போய் ஸ்டீயரிங் பெட்டி மாட்டியிருந்த போல்ட்டுகளைப் பார்த்தார். அதே நான்கு, அதே இடைவெளி. "அட கெரகமே! ஸ்டீயரிங்கு மொதல்ல இந்தப் பக்கம் இருந்திருக்குது. எடது கைப் பக்கம் ஓட்டற வண்டிய நம்மாளுக மாத்திருக்கறானுக."

ஸ்டீயரிங் பக்கம்தானே நம்பர் வெட்டுவார்கள், அப்படியானால் நம்பரும் இடப்பக்கம்தான். இடப்பக்கச் சட்டம் முழுவதையும் அவசரமாகச் சுரண்டிப் பார்த்தேன், இல்லை. மிச்சம் ஒரே ஒரு இடம், அந்த பிளேட்டுக்கு அடியில். அக்கா வண்டிப் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். பார்க்காமலே வெச்சுடுங்க என்று சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன், அழுதுகொண்டே.

"அழுவாத. வெங்காயம் உரிக்கறவ நானு" என்றார். ஆனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் நம்பர் உருகிப் போகும். செங்கோடண்ணன் மல்லாந்து படுத்து, தான் பற்றவைத்ததைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கிரைண்டரில் அராவி எடுத்தார். "இத்தன கெட்டியா எவன் வெச்சான்?" என்று தன்னையே திட்டினார். பொழுது சாயும்போது பிளேட் கழன்று விழுந்தது. அடியில் வெறும் துரு. மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம்.

மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சரி, வந்த வேலையைச் செய்வோம் என்று தாளை வைத்துத் தேய்த்தேன். முதலில் ஒரு ஏழு. அப்புறம் ஒரு மூன்று. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பென்சிலுக்குத் தெரிந்தது! ஏழு இலக்கமும் எழும்பி வந்தன. அக்கா புத்தகத்தை நீட்ட, ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு ஒப்பிட்டோம். கடைசி இலக்கமும் சரியாக வந்ததும் செங்கோடண்ணன் வண்டிக்கு அடியில் இருப்பதை மறந்து எழுந்து தலையைச் சட்டத்தில் இடித்துக்கொண்டார். விரிசல் மேல் மறுபடி பிளேட் போட்டார், இந்தத் தடவை நம்பருக்கு மட்டும் ஒரு ஜன்னல் விட்டு. ரெட் ஆக்ஸைடை நான்தான் அடித்தேன். வெள்ளிக்கிழமை எஃப்.சி. கிடைத்தது, சனிக்கிழமை அக்கா நாக்பூருக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த வீடு ஓடியது. தீபாவளிக்கு ஒருமுறை என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சட்டத்தைத் தேய்த்துப் படியெடுக்க யாருக்கும் பொறுமை இல்லை, செல்போனில் படம் எடுத்துவிடுகிறார்கள். அதற்காக நான் மூக்கைச் சிந்தப் போவதில்லை. என் நகம் இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

அக்காவுக்குப் பார்வை மங்கி லைசென்ஸ் போனது. வண்டியை உடைக்கக் கொடுத்தார். உடைப்பவர்கள் நம்பர் உள்ள இரும்புத் துண்டை மட்டும் வெட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒப்படைத்தால்தான் கணக்கில் வண்டி இல்லையென்று ஆகும். இப்போது அவர் எடப்பாடியில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். வண்டியை உடைத்த சமயத்தில் போனில் பேசினோம்.

"நம்பரு எங்கீங்கன்னு கேட்டாங்க சாமி. நாஞ் சொல்லல. தேடிக்கோங்கன்னுட்டு வந்துட்டேன். ரெண்டு நாளா வலது பக்கமே சொரண்டிட்டுக் கெடந்தாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க்கா, சொல்லியிருக்கலாம்ல?"

அவர் சிரிக்கவில்லை. "அந்த ரெண்டு நாளும் அது எம்பட ஊடாத்தான இருந்துச்சு?" என்றார்.