எட்டுக் கேள்விக்கும் பூஜ்யம்

எனக்கு வந்த நோய்க்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். தசைகள் காலையில் ஒழுங்காக வேலை செய்யும். சாயங்காலம் ஆனால் ஒவ்வொன்றாக லீவு போட்டுவிடும். முதலில் இடது இமை இறங்கும், பிறகு நாக்கு குழறும், கடைசியில் தலை தொங்கும். ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவனுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஊர் அதற்கு வைக்கிற பெயரே வேறு.

"இன்னாப்பா, இன்னைக்கும் ஏத்திக்கினு வந்துட்டியா?" என்பார் தறி முதலாளி.

ஒரு சொட்டுக்கூடத் தொடாதவன் நான். மறுத்துப் பேசக் கூச்சம். பேசினாலும் குழறும், அதுவே அவருக்குச் சாட்சி.

நோய்தான் என்று தெரிந்த பிறகு எல்லோரும் டாக்டர் ஆனார்கள். டீக்கடைக்காரர் ஆட்டுக்கால் சூப் என்றார். முதலாளி, அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறினால் சரியாகிவிடும் என்றார். அவர் பக்கத்துத் தெருவுக்கே காரில் போகிறவர்.

திருப்பதியில் நான் பார்த்த நரம்பு டாக்டரிடம் ஒரு தாள் உண்டு. பேச்சு, மெல்லுவது, விழுங்குவது, மூச்சு, பல் தேய்ப்பது, நாற்காலியிலிருந்து எழுவது, இரட்டையாகத் தெரிவது, இமை இறங்குவது என்று எட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மார்க். பள்ளிக்கூடம் மாதிரி இல்லை, இங்கே மார்க் ஏறினால் நோய் ஏறியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மாத்திரை போதுமா, ஸ்டீராய்டு வேண்டுமா, படுக்கவைத்து டிரிப் ஏற்ற வேண்டுமா என்று முடிவு செய்வார். விழுங்குவதோ மூச்சோ கெட்டால் ஒரு நாளும் காத்திருக்காதே என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

நான் எப்படிப் போவேன்? முதல் பஸ்ஸில் நன்றாகத் தூங்கிக்கொண்டு, இறங்கும்போது மாத்திரை போட்டு, சவரம் செய்த முகத்தில் விபூதியோடு, இஸ்திரி போட்ட சட்டையில். பெரிய இடத்துக்குப் போகும்போது அப்படித்தானே போக வேண்டும்?

"எலா உன்னாரு?" எப்படி இருக்கிறீர்கள் என்று தெலுங்கில் கேட்பார் டாக்டர்.

"பர்வாலேது சார்."

எட்டுக் கேள்விக்கும் அதே பதில். அடுத்த நோயாளிகள் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவர்கள் எதிரில், குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வருகிறது என்று எப்படிச் சொல்வது? எட்டுப் பூஜ்யம், அதே பழைய மாத்திரை, வீடு.

அப்படிப் போய் வந்த ஒரு நாள், சாயங்காலமே சோறு தொண்டையில் நின்றது. மூச்சு முட்டிக் கண்ணில் தண்ணீர் வந்தது. மனைவி என் முதுகில் குத்திய குத்தில் ஒரு வழியாக வெளியே வந்தது.

"டாக்டராண்ட இன்னா சொன்ன?"

"பரவால்லன்னேன்."

"யாருக்குப் பரவால்ல? நீ வைத்தியத்துக்குப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா மாமா? மூஞ்சியப் பளபளன்னு வச்சிக்கினு போனா அந்த மனுசனுக்கு இன்னா தெரியும்? நாளிக்கி மத்தியானம் நானும் வரேன்."

மறுநாள் பஸ்ஸில் அவள் என்னைத் தூங்க விடவில்லை. மாத்திரையை நிறுத்தவில்லை, என் வாயைத்தான் நிறுத்தவிடவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளிடம் பேசாததையெல்லாம் பேசினேன். புத்தூரில் குரல் மூக்குக்குப் போனது. வடமாலப்பேட்டையில் இமை இறங்கியது.

டாக்டர் கேட்டதும் வழக்கம்போல "பர்வா" என்றேன். மீதி வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். கூரையைப் பார்க்கச் சொன்னார், ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு இமையும் மூடின. ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணச் சொன்னார், இருபதுக்கு மேல் எனக்கே புரியவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். அது மூக்கு வழியாக இஸ்திரி சட்டைக்கு வந்தது, நாலு பேர் எதிரில்.

"ஏன் சொல்லவில்லை?" என்று தெலுங்கில் கேட்டார்.

"வெக்கம் சார்," என்றாள் மனைவி. "தொண்ட அடைச்சிப் போனாலும் போவாரே தவிர வாயத் தொறக்க மாட்டாரு."

அன்றே படுக்கை. கையில் டிரிப் ஏறியது.

மறுநாள் காலை நர்ஸ் தாளோடு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் உதடு "ப"வுக்குச் சேர்ந்தது. இட்லியை மசித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினாள்.

"பேச்சு ரெண்டு," என்றேன். "முழுங்கறது ரெண்டு."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவரவர் இட்லியைப் பார்த்தார்கள்.

"கண்ண உட்டுட்ட," என்றாள் மனைவி.

"அதுக்கும் ரெண்டு," என்றேன்.