அரைக்கால் அங்குல இடைவெளி

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம், காஜா பெராங்கில் அக்காள் கணவரின் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது: இங்கிலீஷ் படிக்கிறவன். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். கார்களோடு வரும் கையேட்டை நான் படிப்பேன். மாமா ஸ்பானரைப் பிடிப்பார். அன்று இரண்டையும் நானே செய்வதாகச் சொல்லிவிட்டேன்.

வந்திருந்தது கிளட்ச் இல்லாத கார். ஊரில் அப்போது அந்த மாதிரிக் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கார்க்காரர் துணிக்கடை முதலாளி; ஊருக்கே அவர் நானா, அதாவது அண்ணன். கிளட்ச் மிதிக்க அவருக்கு இடது முழங்கால் மடங்காது. அந்தக் காரை வாங்கும்வரை மருமகன்தான் அவரை எங்கும் கூட்டிப்போவார். வழி முழுக்க, கடையை எப்படி நடத்துவதென்று பாடமும் எடுப்பார். எண்ணெய்க் கசிவுக்காக நாங்கள் கியர்பெட்டியை இறக்கியதிலிருந்து பாடம் மறுபடி ஆரம்பமாகியிருந்தது.

"இன்னிக்கு முடிஞ்சிரும்ல தம்பி? இன்னொரு நாள் அவன் பக்கத்துல உக்காந்தா எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துரும்."

"ஒரு மணி நேரம், நானா."

கிளட்சின் வேலையைச் செய்வது டார்க் கன்வர்ட்டர். எண்ணெய் நிறைந்த உருண்டைக் குடம் மாதிரி இருக்கும். அதைத் திருகித் திருகிக் கியர்பெட்டிக்குள் முழுதாகத் தள்ள வேண்டும். இரண்டு முறை 'டக்' என்று உள்ளே இறங்கியது. ஆழத்தை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லியிருந்தது கையேடு. அந்தப் பத்தியை மற்றவர்களுக்கு எழுதியதாக எடுத்துக்கொண்டேன். பெட்டியை ஜாக்கில் ஏற்றி என்ஜினோடு சேர்த்தபோது கொஞ்சம் இடித்தது. இறுக்கினால் வந்துவிடும் என்று போல்ட்டைத் திருக ஆரம்பித்தேன்.

"பாருங்க மாமா, கன்வர்ட்டர் என்ஜின் தட்டோட ஒட்டி நிக்குது. நூல் நுழையாது!"

மாமா குனிந்து பார்த்தார். "கையால சுத்து, மாப்ளே."

சுற்றவில்லை.

"அலாமாக், தொரை! ஸ்பானரைக் கீழ வை. குடம் முழுசா உள்ள இறங்கல. இன்னும் அரைத் திருகு திருகினா பெட்டிக்குள்ள இருக்கிற எண்ணெய் பம்பு உடைஞ்சிரும். சாமான் கப்பல்லதான் வரணும்."

"கப்பலா?" நானா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அதுவரைக்கும் அவன் பக்கத்துலயா?"

பெட்டியை மறுபடி இறக்கி, கன்வர்ட்டரை உருவி, டார்ச் அடித்துப் பார்த்தோம். பம்பில் கீறல்கூட இல்லை. நான் கையேட்டை எடுத்து, அளக்கச் சொன்ன பத்தியை மனசுக்குள் படித்தேன்.

"இன்னிக்குத்தான் ஒர்க்‌ஷாப் அமைதியா இருக்கு," என்றார் மாமா.

மீண்டும் திருகித் தள்ளியபோது மூன்றாவது 'டக்' வந்தது. இம்முறை ஸ்கேல் வைத்தேன், இரண்டு தடவை. பெட்டி இடிக்காமல் என்ஜினோடு பொருந்தியது. கன்வர்ட்டருக்கும் தட்டுக்கும் நடுவே அரைக்கால் அங்குலம். கையால் தள்ளியதும் சுற்றியது.

நானா எட்டிப் பார்த்தார். "இப்பத்தானே சந்து தெரியுது தம்பி! முன்னாடி ஒட்டியில்ல இருந்துச்சு?"

"அதுதான் தப்பு நானா. இந்த இடம் இருந்தாத்தான் பம்பை நெரிக்காது. அடுத்து கன்வர்ட்டரை முன்னால இழுத்துத் தட்டோட முடுக்கிருவோம், அந்தச் சந்து பம்புப் பக்கம் போயிரும்."

"மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் வேணும்ல, அது மாதிரி," என்றார் மாமா.

"அவனுக்கு அரைக்கால் அங்குலம் பத்தாது. நான் ஊருக்கு இந்தக் கோடி தெங்கேராவுல இருந்தா அவன் அந்தக் கோடி உஜோங் பாசிர்ல இருக்கணும்."

எண்ணெய் ஊற்றி முடித்த நேரம், காரைத் தானே ஓட்டிப்போவதென்று மருமகன் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். நானா அதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"நகருங்க மாமு, பிரிச்சு மாட்டின வண்டி. நான் ஓட்டிப் பாக்குறேன்."

"பின்னாடி ஏறு."

கார் குலுங்காமல் நகர்ந்தது. மருமகன் முன்னால் சாய்ந்து என்னவோ விளக்கிக்கொண்டே போனார். கடை டவுனில் இருந்தது. நானா அவர் குரலுக்கு மேல் ஹாரனை அழுத்திக்கொண்டு, டவுனுக்கு எதிர்த்திசையில் செங் பக்கம் திரும்பினார்.