பின் இல்லாத செனட்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் தமிழ்க் கல்யாணம் என்றால் மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்தச் சந்திரகாந்தி அக்கா வந்தாக வேண்டும். வார நாட்களில் முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர்தான். சனிக்கிழமை வந்தால் அவர் வைத்ததே சட்டம். வளையலில் கொத்தாகச் சேப்டி பின் தொங்கும். ஒரு பெண்ணுக்கு முப்பது பின்னாவது குத்துவார்.

இந்தக் கைவண்ணத்தைக் கேள்விப்பட்டு, ரைன் ஆற்றங்கரை அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து லோமன் என்பவர் போன் எடுத்தார். ரோமர் விழா ஊர்வலத்துக்குப் பன்னிரண்டு செனட்டர்கள், அதாவது பழைய ரோமின் ஆட்சிச் சபைக்காரர்கள். அவர்கள் போர்த்தும் டோகா, ஆறு மீட்டர் துணி. போன வருடம் நடுத்தெருவில் நாலு பேருடையது அவிழ்ந்து ஊரே சிரித்ததாம். இந்த முறை அக்கா வந்து உடுத்திவிட வேண்டுமாம்.

"ஆறு மீட்டரோ? எங்கடை கூறைச்சேலை நீளம்தானே!" என்று கணவர் விஜயரத்தினத்திடம் சொன்னார் அக்கா. "ஒண்டும் அவிழாது. நான் பொறுப்பு."

போன இடத்தில் லோமன் கையை நீட்டினார். ரோமர் டோகாவுக்குப் பின் குத்துவதில்லையாம். வளையலில் இருந்த அத்தனையையும் வாங்கி மேசை லாச்சியில் போட்டுப் பூட்டிவிட்டார். அக்காவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆனால் பொறுப்பு என்று வாய் விட்டாயிற்று. இனி ஒரு டோகா அவிழ்ந்தாலும் மானம் போய்விடும்.

ஒத்திகையில் லோமன் விளக்கினார். கான்சல் என்றால் வருடத்துக்கு இரண்டு பேராகத் தெரிவாகும் தலைவர். ஊதாக்கரை டோகா அவருக்கு. அந்த வேடம் லோமனுக்கேதான், வேறு யாருக்கு! பிளெப்ஸ் என்றால் சாதாரண சனம். அவர்களின் பிரதிநிதி டிரிபியூன். அவர் "வீட்டோ", அதாவது "தடுக்கிறேன்" என்றால் கான்சலும் நிற்க வேண்டும். அக்காவுக்குப் பிடித்த சொல் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் அக்காவுக்குச் சூட்சுமம் பிடிபட்டது. இடக்கையை மடித்தே வைத்திருந்தால் டோகா நிற்கும். அந்தக் கையால் வேறெதுவும் செய்ய முடியாது.

"அப்ப இது வேலை செய்யாத ஆக்களின்ரை உடுப்பப்பா!" என்று வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்.

விழா நாளில் முன்னால் லீஜன் என்ற ரோமப் படையின் வீரர்கள் கேடயத்தோடு நடக்க, பின்னால் செனட் வந்தது. சிவப்புப் பட்டுச்சேலையில் அக்கா பக்கத்திலேயே காவல் நடந்தார். பதினொரு டோகா அசையவில்லை. சனத்தைக் கண்ட சந்தோசத்தில் லோமன்தான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். ஊதாக்கரை தோளிலிருந்து சரிந்தது.

"ஒரேயொரு பின்... இருக்கிறதா?" என்று கெஞ்சினார்.

இருந்தது ஒன்று. அக்காவின் தோளில், முந்தானையில்.

"வீட்டோ!" என்றார் அக்கா.

கான்சல் நின்றார். செனட்டும் நின்றது. லோமனின் முகம் சிவந்ததைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் பின்னைக் கழற்றி அவர் தோளில் குத்திவிட்டார். அவிழ்ந்த முந்தானையை மடித்த இடக்கையில் ஏந்திக்கொண்டு, மிச்சத் தெருவெல்லாம் கான்சலுக்குப் பக்கத்தில் நடந்தார். சனம் கையசைத்தது. அக்கா வலக்கையை மட்டும் அசைத்தார். இவ்வளவு சந்தோசமாக அவர் ஜெர்மனித் தெருவில் நடந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தும் கை மடிந்தே இருந்தது.

"என்னப்பா, கை நோகுதோ?" என்றார் விஜயரத்தினம்.

"இல்லை. இண்டைக்கு இந்தக் கைக்கு லீவு. தேத்தண்ணியை நீங்கள் போடுங்கோ."